சக்கரம் கூடினாலும் சேஸிஸ் நம்பர் மாறாது

செங்கல்பட்டில் அரசு நலத்திட்டத்தில் வண்டியின் சாவி வாங்கிக்கொண்டு, ஹேண்டிலில் சுற்றிய மாலை வாடுவதற்குள் வண்டியை ஓட்டிவந்து என்னிடம் காட்டும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அரசுக் காகிதத்தில் இதற்கு ‘இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்’ என்று பெயர். நமக்கு சைடு வீல் வண்டி. எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த வண்டிதான் என் கால். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது அணுபுரத்தில் மகனுடைய குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். மாலையில் வேப்பமரத்தடியில் நாலு சைடு வீல் வண்டியாவது நிற்கும். பேச்சு எங்கே தொடங்கினாலும் பிரேக்கில் வந்து நிற்கும்.

சில வருடங்களுக்கு முன்பு, என் வண்டியின் மாடலுக்கு பிரேக் ரீகால் வந்திருப்பதைப் பேப்பரில் பார்த்தேன். சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுன்டரில் இருந்த தம்பி வண்டியை எட்டிப் பார்த்தார், பக்கத்துச் சக்கரங்களைப் பார்த்தார். “இது மாத்தின வண்டி சார், ரீகால்ல வராது” என்றார். நானும் நம்பித் திரும்பிவிட்டேன். நான்கு மாதம் கழித்து, திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில், பிரேக் லீவர் கல் மாதிரி இறுகிக்கொண்டது. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. அந்த ஒரு முழத்தை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. மறுநாள் ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு வேறொரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். நம்பரைத் தட்டிப் பார்த்தார்கள். என் வண்டி பட்டியலில் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் பாகத்தை மாற்றிக் கொடுத்தார்கள், ஒரு பைசா வாங்கவில்லை.

அந்த நான்கு மாதம் உங்களில் ஒருவருக்கும் வரக் கூடாது.

1. முதலில் வாரண்டி வேறு, ரீகால் வேறு என்பதை மனதில் பதியுங்கள். கவுன்டரில் இருப்பவர்களே இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். வாரண்டி என்பது வாங்கும்போது கம்பெனி கொடுக்கும் வாக்கு. அதற்குக் கெடு உண்டு, நிபந்தனை உண்டு. ரீகால் என்பது, ‘நாங்கள் செய்தபோதே இந்தப் பாகத்தில் குறை இருந்தது, கொண்டுவாருங்கள், சரிசெய்து தருகிறோம்’ என்று கம்பெனி தானே ஒப்புக்கொள்வது. நீங்கள் வாங்கிய பிறகு வண்டியில் என்ன பொருத்தினீர்கள் என்பதால் தொழிற்சாலையில் நடந்த பிழை நடக்காமல் போய்விடாது.

நம் நாட்டில் 2012 ஜூலையிலிருந்து வாகனத் தயாரிப்பாளர் சங்கமான சியாம் வகுத்த விதிப்படி கம்பெனிகள் தாமாக ரீகால் செய்துவந்தன. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 2021 ஏப்ரல் 1 முதல், தயாரித்து ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளில் ஆபத்தான குறை இருந்தால் திரும்ப அழைக்கச் சொல்லிக் கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த ஏழு வருடம் நமக்கு முக்கியம். கால் உள்ளவர் ஐந்து வருடத்தில் வண்டியை மாற்றிவிடுவார். நாம் ஒரே வண்டியைப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஓட்டுகிறோம். அதனால் வண்டி புதிதாக இருக்கும்போதே விழித்திருங்கள்.

2. ரீகால் சேஸிஸ் நம்பரைப் பார்த்து வருவது. மாடல் பெயரைப் பார்த்தோ, வண்டி எத்தனை சக்கரத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்தோ வருவதில்லை. ஆர்.சி.யில் பதினேழு எழுத்தும் எண்ணுமாக இருக்கும், அதே நம்பர் வண்டியின் சட்டத்திலும் அடித்திருக்கும். சைடு வீல் போட்டவர் அதன்மேல் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் துணியில் தின்னர் தொட்டுத் துடைத்து வெளியே கொண்டுவாருங்கள். சுரண்டாதீர்கள். நம்பரை ஒரு தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள், போனில் ஒரு படமும் இருக்கட்டும்.

ஏன் நம்பர் என்று கேட்டால், குறை ஒரு குறிப்பிட்ட காலத்தில் செய்த வண்டிகளில்தான் இருக்கும். 2024 பிப்ரவரியில் யமஹா கம்பெனி ரே இசட்.ஆர்., ஃபசினோ ஆகிய 125 சி.சி. ஹைபிரிட் ஸ்கூட்டர்களில் ஏறக்குறைய 3 லட்சத்தை பிரேக் லீவருக்காகத் திரும்ப அழைத்தது. 2022 ஜனவரி 1-இலிருந்து 2024 ஜனவரி 4 வரை தயாரானவை மட்டும். 2024 ஜனவரி 5-இல் தயாரான வண்டிக்கு அந்த அழைப்பு இல்லை. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வரவில்லை என்பதால் உங்களுக்கும் இல்லை என்று இருந்துவிடாதீர்கள். கம்பெனியின் இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள், அல்லது சர்வீஸ் சென்டரில் பார்க்கச் சொல்லுங்கள். தைப்பொங்கலுக்கு ஒரு முறை, ஆயுதபூஜைக்கு வண்டியைக் கழுவும்போது ஒரு முறை பார்ப்பது என் வழக்கம்.

3. கம்பெனியின் பதிவில் உங்கள் போன் நம்பர் இருக்கிறதா என்று கேளுங்கள். ரீகால் என்றால் கம்பெனி தன்னிடம் உள்ள நம்பருக்குத்தான் போன் செய்யும். நலத்திட்டத்தில் வந்த வண்டி மொத்தமாக வாங்கப்பட்டு, சக்கரம் பொருத்தப்பட்டு, பிறகுதான் உங்கள் கைக்கு வருகிறது. அதனால் கம்பெனியிடம் உங்கள் நம்பர் இல்லாமல் இருக்கலாம். இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்கும் இதே நிலைதான், பழைய சொந்தக்காரரின் போன்தான் அடிக்கும். முதல் சர்வீஸ் அன்றே, “என் நம்பரை ஏத்துங்க தம்பி” என்று நின்று ஏற்றவையுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.

4. எந்த பிரேக் என்று பாருங்கள். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நம் வண்டியின் விஷயம் இங்கேதான் மற்ற வண்டிகளிலிருந்து பிரிகிறது.

முன் பிரேக்கில் குறை என்றால் தகராறுக்கே இடமில்லை. 2019-இல் ஹோண்டா 50,034 வண்டிகளைத் திரும்ப அழைத்தது: டிஸ்க் பிரேக் உள்ள ஆக்டிவா 125, கிராசியா, ஏவியேட்டர், சி.பி. ஷைன். 2019 பிப்ரவரி 4-இலிருந்து ஜூலை 3 வரை தயாரானவை. குறை முன் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரில். லீவர் இறுகும், சக்கரம் பூட்டிக்கொள்ளவும் கூடும். மாஸ்டர் சிலிண்டர் இருப்பது ஹேண்டிலில். சைடு வீல் பொருத்துபவர் அந்தப் பக்கமே போவதில்லை. அதே 2019-இல் ராயல் என்ஃபீல்டு, மார்ச் 20-க்கும் ஏப்ரல் 30-க்கும் இடையில் தயாரான சுமார் 7,000 புல்லட்டுகளை, பிரேக் கேலிப்பர் போல்ட்டின் முறுக்கு சரியில்லை என்று அழைத்தது. இப்படிப்பட்ட அழைப்பில் உங்கள் வண்டி நம்பர் இருந்தால், சக்கரத்தைக் காட்டி மறுக்க ஒரு காரணமும் கிடையாது.

பின் பிரேக்கில் குறை என்றால் யோசிக்க வேண்டும். 2021 டிசம்பரில் ராயல் என்ஃபீல்டு 26,300 கிளாசிக் 350 வண்டிகளை அழைத்தது. பின்னால் டிரம் பிரேக் உள்ள வகை. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒரு சிறு பிடிமானம் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது டிரம் தகடும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல் தடுப்பது அதுதான். மிதியை மிக அழுத்தி மிதித்தால் அது சேதமாகலாம் என்று கம்பெனியே சொன்னது. இப்போது நினைத்துப் பாருங்கள். புல்லட்டை மூன்று சக்கரமாக மாற்றுபவர் முதலில் கைவைப்பது அந்த ஸ்விங் ஆர்மில்தான். வெட்டியோ, பட்டி வைத்து வெல்டிங் அடித்தோ, மொத்தமாகக் கழற்றிவிட்டு அச்சு போட்டோ இருந்தால், கம்பெனி மெக்கானிக் எதைச் சரிசெய்வார்? பழைய பாகம் வண்டியிலேயே இல்லை என்றால் அந்த ரீகால் வேலைக்கு இடமில்லை. பாகம் இருக்கிறது, ஆனால் மேலே வெல்டிங் இருக்கிறது என்றால், அவர் தயங்குவதில் நியாயம் உண்டு. நம் ஸ்கூட்டர்களில் பின் சக்கரமும் அதன் டிரம்மும் பெரும்பாலும் அப்படியே இருக்கும், இரண்டு பக்கமும் சட்டம் வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். சைடு வீல் வாங்கும்போது, “போல்ட்டா, வெல்டிங்கா?” என்று கேளுங்கள். போல்ட் போட்டதைக் கழற்றி வேலை பார்க்கலாம், பற்றவைத்ததை அறுக்க வேண்டும்.

மூன்றாவது வகை, முன்னும் பின்னும் சேர்ந்த பிரேக். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி. வரையிலான புது வண்டி எல்லாவற்றிலும் சி.பி.எஸ். அல்லது ஏ.பி.எஸ். இருந்தாக வேண்டும். நம் ஸ்கூட்டர்களில் சி.பி.எஸ்.தான். இடது லீவரைப் பிடித்தால் பின் பிரேக்கோடு முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். சைடு வீல் பொருத்தும் சிலர் பின் கேபிளை வளைத்துக் கட்டுவதையும், இந்தச் சேர்க்கையைக் கழற்றிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். கழற்ற விடாதீர்கள். முன்னும் பின்னும் இணைந்திருக்கும்போது ஓரிடத்துக் குறை இன்னோரிடத்தில் வந்து நிற்கும். அமெரிக்காவில் ஹோண்டா கோல்டு விங் என்ற பெரிய பைக்கை மூன்று சக்கரமாக மாற்றி ஓட்டும் முதியவர்கள் நிறைய. 2011 டிசம்பரில் அந்த மாடலில் ஏறக்குறைய 1,26,000 வண்டிகளை ஹோண்டா அழைத்தது. துணை மாஸ்டர் சிலிண்டரில் குறை, அதனால் கையை எடுத்த பிறகும் பின் பிரேக் உரசிக்கொண்டே இருந்து சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம். இரண்டு சக்கரமாகவே வைத்திருப்பவருக்குப் பதில் எளிது. மாற்றியவர், ‘என் வண்டியில் அந்த இணைப்பு இன்னும் இருக்கிறதா, மாற்றிக் கொடுத்தவர் எடுத்துவிட்டாரா?’ என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கும் அதே கேள்விதான்.

5. கவுன்டரில் என்ன பேசுவது என்று கேட்பீர்கள். சக்கரத்தைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். ஆர்.சி.யை நீட்டி, “இந்த நம்பருக்கு ரீகால் நிலுவையில் இருக்கா, பார்த்துச் சொல்லுங்க” என்று மட்டும் கேளுங்கள். இருக்கிறது என்று திரையில் வந்தால், ஜாப் கார்டில் ‘ரீகால் வேலை’ என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் கோபப்பட வேண்டாம். “எந்தக் காரணத்தால முடியாதுன்னு இதே கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க தம்பி” என்று கேளுங்கள். எழுதச் சொன்னதும் மேனேஜரைக் கூப்பிடுவார்கள், பாதி வழக்கு அங்கேயே தீரும். அப்படியும் முடியாவிட்டால் அந்தக் கார்டின் படத்தோடு கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் வண்டி செய்கிறார்கள், நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே வேலைக்குப் போய்வருகிறார்கள். எட்டாத தேசத்துக் கம்பெனியோடு பேசுவதுபோலத் தயங்காதீர்கள்.

6. ரீகாலுக்காகச் சைடு வீலைக் கழற்றி மறைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒருவர் அப்படித் தம்பியை ஓட்டச் சொல்லி அனுப்பினார். வேலை முடிந்தது. வீட்டில் திரும்ப மாட்டும்போது ஒரு நட்டு சரியாக இறுகவில்லை. மூன்றாம் நாள் வெங்கப்பாக்கம் அருகே சக்கரம் தனியாக உருண்டு போனது. உயிர் பிழைத்தார், கை முறிந்தது.

7. ஆர்.சி.யில் மாற்றம் ஏறியிருக்க வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று சொன்னது. நம்மவர்கள் பலர் அன்று பயந்துபோனார்கள். அதே வருடம் வந்த திருத்தச் சட்டம் நமக்கு வழி வைத்தது. உடல் குறைபாடு உள்ளவருக்காகத் தகவமைத்த வாகனம் என்று ஒரு வகையைச் சட்டமே சொல்கிறது. 52-ஆம் பிரிவின்படி நம் தேவைக்காக வண்டியை மாற்றிக்கொண்டு, பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெறலாம். அதே பிரிவில் இன்னொரு வரியும் உண்டு: மத்திய அரசு வகுத்த நிபந்தனைப்படி செய்த மாற்றத்தால் தயாரிப்பாளரின் வாரண்டி செல்லாததாகிவிடாது. பழைய சட்டத்தில் நம் வண்டிக்கு இருந்த ஆங்கிலப் பெயர் மனதைக் குத்தும் பெயர். அது போனதில் எனக்கு ஒரு நிறைவு.

அதனால் செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் வேலையை முடியுங்கள். லைசென்ஸும் அந்த வகைக்கே எடுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள். பதிவு ஏன் வேண்டும் என்று சொல்கிறேன். சென்னைப் பக்கம் மீன்பாடி வண்டி பார்த்திருப்பீர்கள். மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் பழைய பைக் இன்ஜினை ஏற்றி, மீனும் இரும்புக் கம்பியும் ஏற்றி ஓட்டுவார்கள். வடக்கே டெல்லியில், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு விட்டுப்போன ஹார்லி டேவிட்சன் பைக்குகளை மூன்று சக்கரமாக்கி, ‘பட்பட்டி’ என்று 1998 வரை டாக்சியாக ஓட்டினார்கள். குஜராத்தில் புல்லட்டின் முன்பாதியை வைத்துச் செய்த சக்கடா உண்டு. வயிற்றுப் பிழைப்புக்காகக் கை தேர்ந்தவர்கள் செய்த வண்டிகள் அவை, அந்தத் திறமைக்கு என் மரியாதை உண்டு. ஆனால் எந்தப் பதிவிலும் இல்லாத மீன்பாடி வண்டியின் இன்ஜினுக்கோ பிரேக்குக்கோ ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டால், யாரை எந்த விலாசத்தில் தேடிச் சொல்வார்கள்? பதிவில் இருந்தால்தான் உங்களைத் தேடிவர ஒரு வழி இருக்கும்.

8. சைடு வீலுக்கு ரீகால் கிடையாது என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள். ஸ்கூட்டர் செய்தவர் ஒருவர், சக்கரம் பொருத்தியவர் வேறொருவர். ஸ்கூட்டர் கம்பெனி அழைத்தால் தான் செய்த பாகத்தைத்தான் பார்க்கும். சக்கரத்தின் சட்டத்தில் விரிசல் விட்டால் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல பெரும்பாலும் ஆள் இல்லை. பொருத்தியவரிடம் பில் வாங்குங்கள். பில்லில் வண்டி நம்பர், பொருத்திய தேதி, யார் செய்த கிட், சோதனை நிலையச் சான்று உண்டா என்பதெல்லாம் இருக்கட்டும். வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஜி.ஏ.ஆர்.சி. நம் ஒரகடத்திலேயே இருக்கிறது, சான்று என்பது கேட்கக் கூடாத பெரிய விஷயமில்லை. 2019-ஆம் வருட நுகர்வோர் சட்டத்தில், விற்பவர் பொருளை மாற்றியமைத்து அந்த மாற்றமே கேட்டுக்குக் காரணமானால் அவர் பொறுப்பு என்று இருக்கிறது. அந்தப் பொறுப்பைக் கேட்க உங்கள் கையில் பில் இருக்க வேண்டும்.

மற்றபடி நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சைடு வீல் நட்டுகள் ஒவ்வொன்றிலும், நட்டிலிருந்து சட்டம் வரை, நெயில்பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் நட்டு திரும்பியிருக்கிறது. தங்கச்சிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் இதைவிட நல்ல அடையாளத்தை நான் பார்த்ததில்லை. வெல்டிங் ஓரங்களில் பெயிண்ட் முடிபோலக் கீறியிருந்தால் அதை அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள். உள்ளே இரும்பு விரிய ஆரம்பித்திருக்கும். சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போகிறது. புது வண்டியில் முதல் 500 கிலோமீட்டரில் எல்லா நட்டையும் ஒரு முறை இறுக்கச் சொல்லுங்கள்.

9. ரீகால் வேலை முடிந்து வந்தாலும் உடனே ஈ.சி.ஆரில் ஏறாதீர்கள். கம்பெனி மெக்கானிக்குக்கு இரண்டு சக்கர வண்டியின் பிரேக் தெரியும். நம் வண்டி நிற்கும் விதம் வேறு. முதலில் ஆள் நடமாட்டம் இல்லாத சமமான இடத்தில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் நாலைந்து முறை பிடித்துப் பாருங்கள்.

ஏன் வேறு என்று சொல்கிறேன். நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் சைடு வீலில் பிரேக் கிடையாது. பின்னால் பிரேக் உள்ளது நடுச் சக்கரத்தில் மட்டும். ஒரு சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை இருக்கிறதோ அவ்வளவுதான் அது தரையைப் பிடிக்கும். சைடு வீல் கீழே இறங்கிப் பொருத்தப்பட்டிருந்தால் எடையை அவை வாங்கிக்கொள்ளும், நடுச் சக்கரம் லேசாகிவிடும். பிரேக் பிடித்தால் டிரம் பிடிக்கும், டயர் வழுக்கும். வேகத்தடையைச் சாய்வாக ஏறும்போது ஒரு பக்கச் சக்கரம் மேடேறி நடுச் சக்கரம் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அந்தக் கணத்தில் பின் பிரேக் இருந்தும் இல்லை. ஆகவே வேகத்தடையை நேராக ஏறுங்கள், பிரேக்கை அதற்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். ‘பிரேக் வேலை செய்யவில்லை’ என்று என்னிடம் வந்த வண்டிகளில் பலவற்றில் பிரேக் நன்றாகவே இருந்தது. சைடு வீலை ஒரு விரல்கடை உயர்த்தியதும் சரியாகிவிட்டது.

திருப்பத்தில் பிடிப்பது இன்னும் ஆபத்து. முன் சக்கரத்திலிருந்து இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் கோடு இழுத்தால் ஒரு முக்கோணம் வரும். உங்கள் எடை அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். திரும்பும்போது எடை வெளிப்பக்கம் போகிறது, பிரேக் பிடித்தால் முன்னால் போகிறது. முன்னால் முக்கோணம் குறுகல். இரண்டும் சேர்ந்தால் எடை கோட்டைத் தாண்டும். இரண்டு சக்கர வண்டி சாய்ந்து கொடுக்கும், நம் வண்டி சாயாது, கவிழும். புதுப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்து டவுன்ஷிப் வழியில் திரும்பும் இடத்தில் எத்தனை பேர் இதைக் கற்றார்கள் என்று எனக்குத் தெரியும். நேராக வரும்போதே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு, பிறகு திரும்புங்கள்.

10. உப்பை மறக்காதீர்கள். 2020 ஜூனில் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜி.டி. 650, ஹிமாலயன் ஆகியவற்றில் 15,200 வண்டிகளை பிரிட்டன், ஐரோப்பா, கொரியா நாடுகளில் அழைத்தது. பனி உருகுவதற்காகச் சாலையில் தூவும் உப்பால் பிரேக் கேலிப்பர் அரித்தது காரணம். நமக்கு அந்த அழைப்பு இல்லை. ஆனால் சதுரங்கப்பட்டினம் கடற்கரையிலும் மாமல்லபுரம் பக்கமும் தினம் வண்டி நிறுத்துகிறவருக்கு உப்புக்காற்று இருக்கிறது. வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கேபிள் முனையில் எண்ணெய் விடுங்கள், டிரம்முக்குள் எண்ணெய் போகக் கூடாது. டிஸ்க் வண்டியானால் பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், மூடியில் போட்டிருக்கும் வகையையே ஊற்றுங்கள். லீவரில் தளர்வு (ப்ளே) எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும், பல ஸ்கூட்டர்களில் 10-இலிருந்து 20 மில்லிமீட்டர். சைடு வீலும் அதைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து வண்டியின் எடை கூடியிருப்பதால் பிரேக் ஷூ சீக்கிரம் தேயும். டிரம்மின் கையில் உள்ள அம்புக்குறி கோட்டைத் தொட்டால் ஷூவை மாற்றும் நாள் அது.

11. குறை எதில் என்று பிரித்துச் சொல்லப் பழகுங்கள். லீவர் இறுகுகிறது, தொங்குகிறது, ஆயில் கசிகிறது, கையை எடுத்தும் பிரேக் விடவில்லை என்றால் பெரும்பாலும் கம்பெனி பாகம். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, நேராகப் போகும்போதே பின் டயர் வழுக்குகிறது, ஸ்பீடு பிரேக்கரில் சத்தம் வருகிறது என்றால் முதலில் சைடு வீலைப் பாருங்கள். சக்கரம் பொருத்தியவரின் தப்புக்குக் கம்பெனியிடம் போய் நின்றால், அடுத்த முறை உண்மையான குறையோடு போகும்போதும் நம் பேச்சை எடுக்க மாட்டார்கள். கம்பெனி பாகத்தில்தான் குறை என்று உறுதியானால், சர்வீஸ் சென்டரோடு நிறுத்தாமல் அரசின் பரிவாகன் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். எத்தனை சொந்தக்காரர்கள் ஒரே குறையைச் சொல்கிறார்கள் என்பதை வைத்தும் அரசு ரீகாலுக்கு உத்தரவிடலாம். நம்மவர்கள், ‘தானமாக வந்த வண்டி, அதற்குப் போய்ப் புகார் சொல்வதா’ என்று தயங்குகிறார்கள். மக்கள் வரிப்பணத்தில் வந்த வண்டி அது. அதன் பிரேக் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, சாலையில் எதிரே வருகிறவருக்கு நீங்கள் செய்யும் கடமையும்கூட.

12. ரீகால் வேலை முடிந்த ஜாப் கார்டு, சைடு வீல் பில், ஆர்.சி. நகல் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் சீட்டுக்கு அடியில் வையுங்கள். வண்டி ஒருநாள் வேறொருவர் கைக்குப் போகும். தம்பிக்கோ தங்கைக்கோ, விலைக்கோ, சும்மாவோ. போகும்போது அந்த உறையும் கூடவே போகட்டும். வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டுபோய், கம்பெனிப் பதிவில் உங்கள் போன் நம்பரை எடுத்துவிட்டு அவருடைய நம்பரை ஏற்றவைத்த பிறகு சாவியைக் கொடுங்கள்.